முறிந்த முகட்டின் கீழ்

இரவில் மல்லாந்து படுத்து, முகட்டை நோக்கியவாறு உறங்காமல் கிடப்போர் பலர். கடனை நினைந்து கிடப்போரும், பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைந்து கிடப்போரும் உண்டு. நாம் சொல்ல வந்தது அவர்களைப் பற்றியன்று; அந்த முகட்டையே அஞ்சிக் கிடப்போரைப் பற்றி. தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி கழன்று விழுந்துவிடுமோ, காரை பெயர்ந்து பிள்ளையின் மீது வீழ்ந்துவிடுமோ என்னும் அச்சம் அது. கேட்போர் நகைப்பர். நாமும் நகைத்தோம்.

இராயபுரத்தில் நமது இல்லத்திற்கு மருமகளாய் வந்த பெண், பிள்ளைகளை மின்விசிறியின் கீழே கிடத்தமாட்டாள். சித்திரைப் புழுக்கத்திலும் மார்கழிப் பனியிலும் தாழ்வாரத்துக்கே தூக்கிச் செல்வாள். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், "அல்லாஹ்வின் மீது தவக்குல் வேண்டாமா, அம்மா? விழ வேண்டுமென்று எழுதியிருந்தால் தாழ்வாரத்திலும் விழும்" என்று கூறினோம். "சரி மாமா" என்று மட்டும் சொல்லிப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். முப்பது ஆண்டுகள் மாணவர்க்குக் கிதாபு ஓதிக் கொடுத்த நாம் அன்று சொன்னது தவறு.

சில நாட்களே சென்றன. 27-12-2021 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 1993-இல் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் இடிந்து தரைமட்டமாயிற்று. ஓர் உயிரும் போகவில்லை. விரிசலைக் கண்டு அஞ்சியவர்கள் இடிவதற்கு முன்னரே வெளியேறிவிட்டார்கள். "ஒன்றும் ஆகாது, உள்ளே போங்கள்" என்று எவரேனும் சொல்லி, அதை மற்றவர் கேட்டிருந்தால்! (அச்சொல்லை வாடகைக்கு விட்டவர் சொல்லும்போது சற்றும் நம்பலாகாது என்பது நமது சொந்தக் கருத்து.)

அன்றிரவு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' நூலை எடுத்துப் புரட்டினோம். தவக்குலைப் பற்றிய பகுதியில் அவர்கள் காரணங்களை உறுதியானவை, ஊகத்திற்குரியவை, வெறும் கற்பனையானவை என வகுக்கிறார்கள். கற்பனையானதை விடுவது தவக்குலைச் சார்ந்தது. உறுதியானதை விடுவது தவக்குல் ஆகாது. கொடிய விலங்கு திரியும் இடத்திலும், வெள்ளம் பாயும் ஓடையிலும், சாய்ந்த சுவரின் கீழும், முறிந்த முகட்டின் கீழும் உறங்குவது விலக்கப்பட்டது என்கிறார்கள். ஹிஜ்ரி 505-இல் மறைந்த அப்பெருமகனாருக்கு மின்விசிறி தெரியாது, முகடு தெரிந்திருந்தது. கைப்பிடிச் சுவரில்லாத மாடியில் உறங்குவோர்க்கான எச்சரிக்கை அபூதாவூதிலும் வருகிறது. இவற்றையெல்லாம் நாமே ஓதிக் கொடுத்திருக்கிறோம்!

அப்படியானால் மருமகளின் அச்சம் எவ்வகையைச் சார்ந்தது? இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாய்க் குடியிருப்போர்க்கு, பார்க்காமல் விடை சொல்ல இயலாது. உப்புக் காற்று கான்கிரீட்டின் நுண்துளை வழியே புகுந்து உள்ளிருக்கும் கம்பியை அரிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடம் கொள்வது. அது வீங்கி, காரையை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. மின்விசிறி தொங்கும் கொக்கியும் இரும்புதான்.

மின்பணியாளர் ஒருவரை அழைத்தோம். ஏணியிலேறி மேல்மூடியை இறக்கியவர், நம்மையும் ஏறிப் பார்க்கச் சொன்னார். கொக்கி பாதியாய்த் தேய்ந்திருந்தது. போல்ட்டு கழலாதிருக்கச் செருகும் சிறு பின் இருந்த இடத்தில் துருப்பொடிதான் இருந்தது. கீழிறங்கி மருமகளின் முகத்தைப் பார்க்க நமக்குக் கூச்சமாயிருந்தது. புதுக் கொக்கி பொருத்தினோம்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. நள்ளிரவில் எழுந்து, டார்ச் விளக்கை மேலே அடித்துப் பார்க்கத் தொடங்கினாள். இது வேறு அச்சம். ஒளூ முறிந்ததோ என்று ஐயுற்று மீண்டும் மீண்டும் ஒளூச் செய்பவரை வஸ்வாஸ் பிடித்தவர் என்போம். ஐயத்தால் உறுதி நீங்காது என்பது பிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. சோதித்து உறுதி செய்த கொக்கிக்கும் அது பொருந்தும். அதன்பின் ஒவ்வொரு பார்வையும் அச்சத்திற்கு இடும் தீனியே. இதை அவளிடம் சொன்னோம், இம்முறை தாழ்ந்த குரலில். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் ஆள் வைத்துப் பார்ப்பது, இடையில் பார்ப்பதில்லை என்று இருவரும் பேசி முடித்தோம். முன்பு பார்க்காமலே கடிந்துகொண்டவருக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இப்போது பிள்ளைகள் அறைக்குள் உறங்குகிறார்கள். கட்டில் மட்டும் மின்விசிறிக்கு நேர்கீழே இல்லை. ஒரு முழம் விலகிக் கிடக்கிறது. நாம் அதை இழுத்துப் போடவில்லை.