வாடகையும் பங்கும்

பெற்ற பிள்ளையிடம் குடியிருக்க வாடகை வாங்கலாமா? இப்படி ஒரு கேள்வியை எழுப்பினால் நம்மில் பெரும்பாலோர் காதைப் பொத்திக்கொள்வார்கள். அது மேல்நாட்டார் வழக்கம், பாசத்துக்கு விலை குறிப்பவர்களின் வழக்கம், நமக்கு ஆகாது என்று ஒரே மூச்சில் தீர்ப்பும் கூறிவிடுவார்கள். தீர்ப்பு இத்தனை எளிதாக வந்துவிடுவதே எனக்கு ஐயத்தைத் தருகிறது.

புத்தளம் மாவட்டத்தில், ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலுமாக நீண்டு கிடக்கும் கற்பிட்டி மணல் நிலத்தில் எத்தாளை என்ற ஊர் இருக்கிறது. மீனும் தோட்டப் பயிரும் மக்களின் பிழைப்பு. அண்மைக் காலத்தில், ஆலங்குடாக் கடற்கரையை நாடி வரும் வெளிநாட்டுப் பயணிகளாலும் சிலருக்கு வேலை கிடைத்திருக்கிறது. அவ்வூரில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் நேர்ந்த சச்சரவே இக்கட்டுரைக்குக் காரணம்.

தகப்பனார் மீனவர்; வயது அறுபதை நெருங்குகிறது. சொந்தப் படகு, சொந்த எஞ்சின். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே தாவலில் ஏறியபோது அவருடைய தொழில் படுத்தது. பிறகு முழுதாக எழுந்திருக்கவேயில்லை. மகனுக்கு வயது இருபத்தாறு. பயணிகள் விடுதி ஒன்றில் மாதச் சம்பளம். வீட்டில் உண்டு, வீட்டில் உறங்கி, மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் தகப்பனார் தயங்கித் தயங்கி, மாதம் பத்தாயிரம் ரூபாய் வீட்டுக்குத் தரவேண்டும் என்றார். "என்ன வாப்பா, என்னிட்ட வாடகையா கேக்கிறீங்க?" என்று மகன் சீறினான். தாயும் அவன் பக்கமே பேசினாள். தகப்பனார் வெட்கிப்போய் வாயை மூடிக்கொண்டார்.

அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி. இதே மனிதர் கடலிலிருந்து திரும்பினால், மீன் விற்ற பணத்தில் எண்ணெய்ச் செலவைக் கழிக்கிறார். படகுக்கும் வலைக்கும் உரிய பங்கை ஒதுக்குகிறார். மிச்சத்தை ஆட்களுக்குப் பிரிக்கிறார். விடுமுறை நாளில் மகன் உடன் வந்தால் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் தகப்பன் மகன் உறவு கெட்டுவிட்டதாக யாரும் சொன்னதில்லை. கடலில் நேர்மையாக இருக்கும் கணக்கு, கரையேறி வீட்டுவாசலை மிதித்ததும் அற்பத்தனமாகிவிடுகிறது!

'வாடகை' என்ற சொல் தவறு என்பதில் மகனோடு எனக்கும் உடன்பாடே. வாடகை ஒரு விலை. கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது. வாடகைக்கு இருப்பவன் நோயுற்ற வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லக் கடமைப்பட்டவனல்லன். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தைக் காட்டி, என்னைக் கிளப்ப முடியாது என்று வாதாடவும் அவனுக்கு வழியுண்டு. மகனை அந்த நிலையில் எந்தத் தகப்பனும் வைத்துப் பார்க்க விரும்பமாட்டார். பங்கு என்பதோ வேறு. பங்கு கொடுப்பவன் உடைமைக்கும் உரியவன், இழப்புக்கும் உரியவன்.

மேல்நாட்டார் வழக்கம் என்று தள்ளிவிடுகிறோமே, அங்கே நடந்ததையும் சற்றுப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் வடபகுதித் தொழிலாளர் வீடுகளில், ஆலைக்குப் போகும் பிள்ளைகள் சம்பள உறையைப் பிரிக்காமலே தாயின் கையில் கொடுப்பதும், அவள் அதிலிருந்து கைச்செலவுக்குத் திருப்பித் தருவதும் பரவலாக இருந்த வழக்கம். 1931இல் அரசாங்கம் வேலையற்றோர் உதவிக்கு ஒரு வருமானச் சோதனையைப் புகுத்தியது. வீட்டிலிருக்கும் பிள்ளையின் சம்பளத்தைக் கணக்கிட்டு, வேலையிழந்த தகப்பனின் உதவிப்பணத்தைக் குறைத்தது. உவந்து கொடுத்தது கட்டாயமாயிற்று. மகனின் கூலியில் உண்பவன் என்ற பெயரைத் தகப்பன் சுமந்தான். தகப்பனுக்குச் சேரவேண்டியதைத் தடுக்காதிருக்கப் பிள்ளைகள் சிலர் வீட்டைவிட்டே போனார்கள். அந்தக் குடும்பச் சோதனை 1941வரை நீடித்தது. பிரித்தது பிள்ளைகள் கொடுத்த பணமல்ல, வெளியார் கொண்டுவந்து திணித்த கணக்கு.

நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிள்ளை கைவிட்டால் பராமரிப்புச் சபைக்கு மனுச் செய்யலாம். எத்தனை தகப்பன்மார் மகன்மேல் மனு எழுதத் துணிவார்கள்?

எத்தாளை வீட்டுக்குத் திரும்புகிறேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை யாரும் பேசவில்லை. மூத்த மகள் எட்டு ஆண்டுகளாகக் குவைத்தில் பணிப்பெண். வீட்டின் கூரை அவள் பணம். கிணற்றுக்குப் போட்ட மோட்டார் அவள் பணம். தம்பியின் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டிய முற்பணமும் அவள் அனுப்பியதே. அவள் அந்த வீட்டில் குடியிருக்கவுமில்லை! அவளிடம் பணம் கேட்க எவரும் வெட்கப்பட்டதாக நான் அறியேன்.

நிலம் தகப்பனார் பெயரில் இருக்கிறது. காணி உரிமை மாற நொத்தாரிசு உறுதி வேண்டும் என்பது 1840 முதல் இந்நாட்டுச் சட்டம். அனுப்பிய பணத்துக்கு அவளிடம் உறுதி ஏதுமில்லை. நாளை தகப்பனார் காலமானால், 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைச் சட்டப்படி மகனுக்குக் கிடைப்பதில் பாதியே மகளுக்கு. உயிரோடிருக்கும்போதே அவர் நன்கொடையாக எழுதிக் கொடுக்கத் தடையில்லை; ஆனால் கணக்கே இல்லாத வீட்டில் அந்த எண்ணம் எப்படி எழும்?

இளைஞனின் முதற்சம்பளம் அவனுடைய முதல் விடுதலை. அதையும் பிடுங்கிக்கொள்ளும் பெற்றோர் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுத்ததை எழுதிவைக்கும் வீட்டில் பிடுங்குவது கடினம். மகனும் எதிர்க்கேள்வி கேட்பான்: என் பணம் எங்கே போயிற்று, படகை ஏன் விற்கக்கூடாது, என் திருமணத்தில் என் வாக்கு எங்கே என்று. தகப்பனார் அன்று வாயை மூடிக்கொண்டதற்கு வெட்கம் மட்டும் காரணமாக இருந்திருக்காது. பங்காளியோடு முடிவுகளைப் பகிர வேண்டும். பிள்ளைக்குக் கட்டளையிட்டால் போதும்.

சில மாதங்கள் கழித்து மீண்டும் போயிருந்தேன். மகன் மாதம் எட்டாயிரம் கொடுக்கத் தொடங்கியிருந்தான். 'வீட்டுப் பங்கு' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். தாய் அதைப் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் தேதியிட்டு எழுதி வைத்திருந்தாள். எனக்கும் பெருமையோடு காட்டினாள். மகள் அனுப்புவதையும் இதில் எழுதுகிறீர்களா என்று கேட்டேன்.

"அது நம்மட புள்ள அனுப்புற காசுதானே," என்றாள். "அதுக்கு என்னத்துக்குக் கணக்கு?"