தோளைப் பார்த்துவிட்டுக் காதைக் குத்துங்கள்

சாமத்தியச் சடங்குக்கு நாள் வைத்தாயிற்று. மண்டபம் பேசியாயிற்று, படம் எடுப்பவருக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. இனி யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைப் பக்கம் போய்ப் பிள்ளைக்கு இரண்டாம் துளையும் மூன்றாம் துளையும் குத்துவதுதான் மிச்சம் என்று நிற்கும் அம்மாமாரே, மாமிமாரே, கொஞ்சம் பொறுங்கள். முதலில் பிள்ளையின் இடது தோளைப் பாருங்கள்.

பிறந்தவுடன் போட்ட பீசீஜி ஊசியின் தழும்பு அங்கே இருக்கும். சின்னதாக, தட்டையாக இருந்தால் நல்லது. தடித்துப் பளபளத்து, ஊசி ஏறிய இடத்தையும் தாண்டிப் பரவியிருந்தால் காதைத் தொடாதீர்கள். சில உடம்புகளில் காயம் ஆறிய பிறகும் தோல் வேலையை நிறுத்துவதில்லை. மதில் கட்டி முடிந்தபின்னும் கல் அடுக்கிக்கொண்டே போகும் மேசனைப் போல நார்மேல் நாராய் அடுக்கும். கெலொய்ட் என்று வைத்தியர்கள் சொல்வது அதைத்தான். குத்திய சில கிழமைகளில் சிவந்து சீழ் கசியும் கட்டி வேறு. கெலொய்ட் பெரும்பாலும் மாதங்கள் கழித்து, எல்லாம் ஆறிவிட்டது என்று நாம் மறந்திருக்கும் நேரத்தில் தலைகாட்டும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் கூடுதலாக வரும், குடும்பவழியாகவும் வரும். ஆகவே அப்பாவின் நெஞ்சையும், அம்மாவின் சிசேரியன் வெட்டையும், ஷெல் துண்டு பட்ட சித்தப்பாவின் முதுகையும் ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

“கைக்குழந்தையிலே குத்தினபோது ஒன்றும் வரவில்லையே” என்பீர்கள். அந்த வயது வேறு. கெலொய்ட் உள்ளவர்களை விசாரித்து அமெரிக்காவில் 2005இல் வெளியான ஆய்வில், 11 வயதுக்கு முன் குத்தியவர்களைவிட அதன்பின் குத்தியவர்களுக்கே கட்டி அதிகம் வந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் 11க்குப் பிறகு என்பது நாம் சடங்கு வைக்கும் வயதல்லவா? ஒரு நாள் வீடியோவுக்காக, கனடாவில் இருக்கும் பெரியம்மா பார்ப்பதற்காக, இதைச் செய்யலாமா? துளையில்லாமல் கவ்விப் பிடிக்கும் தோடுகள் இருக்கின்றன. காதின் மேல்மடலிலே குத்துவதை எல்லோருமே விடுங்கள். குருத்தெலும்பில் கிருமி ஏறினால் காதின் வடிவமே குலைந்துபோகும்.

கட்டி ஏற்கெனவே வந்துவிட்டதா? ஒழுங்காய்க் கழுவாததால்தான் வந்தது என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். அது அவளது தோலின் இயல்பு. நூலால் இறுக்கிக் கட்டுவதும், சுண்ணாம்பு வைப்பதும் புதுக் காயம். வெறுமனே வெட்டி எறிவதும் அப்படித்தான்: வெட்டு மட்டும் செய்தால் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்ப வளரும் என்பது மருத்துவக் கணக்கு. திரும்ப வருவது பழையதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

தெல்லிப்பழையிலோ பருத்தித்துறையிலோ உள்ள ஆதார வைத்தியசாலையில் காட்டி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். அரச வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை. நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருதரம் கட்டிக்குள்ளேயே ஸ்டீரொய்ட் ஊசி ஏற்றுவார்கள். வெட்டவேண்டி வந்தால் ஊசியோ, அழுத்திப் பிடிக்கும் தோடோ சேர்த்துத் தருவார்கள். ஊசி வலிக்கும், உண்மை. அதனால்தான் கட்டி கொஞ்சம் மெலிந்ததுமே பலர் கிளினிக்கை விட்டுவிடுகிறார்கள். போதும் என்று வைத்தியர் சொல்லும்வரை பிள்ளையோடு நீங்களும் போங்கள்.