யாரைக் கேட்பது?

ஆம்பூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். முப்பது வருஷம் தோல் ஷாப்பில் உழைத்தவர். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலை விரலிடுக்கில் வைத்து ஒரு தரம் தேய்த்தாரானால், அது எந்தப் பக்குவத்தில் இருக்கிறதென்று சொல்லிவிடுவார். சர்க்கரை வியாதி அவருடைய கண் பார்வையைப் பாதி தின்றுவிட்டுச் சிறுநீரகத்துக்கு வந்தது. வேலூரில் டாக்டர் அவரையும் அவர் மகனையும் எதிரே உட்கார வைத்து இரண்டு வழிகளைச் சொன்னார். கூடப் போயிருந்த நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்று, யந்திரம். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, தடவைக்கு நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பும். அதற்காகக் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்து வைப்பார்கள். நீரிழிவுக்காரருக்கு ரத்தக் குழாய்கள் விறைத்திருப்பதால் சில சமயம் அந்த இணைப்புத் தேறுவதில்லை. யந்திரத்தில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கிவிடுவதும் உண்டு. மற்றொன்று, வயிற்று வழி. அடிவயிற்றில் வைத்த குழாயின் மூலம் இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதிதாக விடுவது. தினம் நாலு தடவை, வீட்டிலேயே. குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வுதான் வடிகட்டி. இருதயத்துக்கு இது இதமானது. ஆனால் அந்தத் திரவத்தில் கலந்திருப்பது சர்க்கரை! சர்க்கரையால் கெட்டவருக்குச் சர்க்கரைத் தண்ணீரே வைத்தியம். கை சுத்தம் தவறினாலோ வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும்.

பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தச் சவ்வு எத்தினி வருஷம் தாங்குமுங்க?"

தோலோடு வாழ்ந்தவர் வேறு என்ன கேட்பார்? டாக்டர் சிரிக்கவில்லை. சர்க்கரை பட்டுப் பட்டு அது நாளடைவில் தடித்துப்போகும், பிறகு யந்திரத்துக்கு மாறவேண்டி வரலாம் என்றார். எது உயிரை அதிக நாள் காக்கும் என்று மகன் கேட்டான். அப்படி அடித்துச் சொல்ல முடியாது. உடம்பையும் வீட்டு நிலைமையையும் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும் என்றார் டாக்டர்.

அந்த 'நீங்கள்' என்ற சொல்லில் என் மனம் சிக்கிக்கொண்டது.

இந்த வைத்தியத்தின் ஆரம்ப காலத்தில் நோயாளியை யார் கேட்டார்கள்? 1962-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் யந்திரங்கள் சில, சாகக் கிடந்தவர்கள் பலர். யாருக்கு இடம் என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட குழு ஒன்று உட்கார்ந்தது. அதில் ஒரு பாதிரியார் இருந்தார். ஒரு வக்கீல், ஒரு பாங்கர், ஒரு குடும்பத் தலைவியும் இருந்தார்கள். நோயாளிக்கு எத்தனை குழந்தைகள், என்ன உத்தியோகம், மாதா கோயிலுக்குப் போகிறவரா என்றெல்லாம் அவர்கள் அலசினார்கள். நீரிழிவுக்காரர் அந்தக் குழுவின் முன்னால் வரவே இல்லை. அவரை டாக்டர்களே முதல் சலிப்பில் தள்ளிவிட்டார்கள். இன்று சிறுநீரகம் கெட்டு வருகிறவர்களில் நீரிழிவுக்காரர்தாம் பெரும் கூட்டம். நம் மாநிலத்தில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் திரவப் பைகள் வீடு தேடியும் வருகின்றன. ஏழைக்கும் இரண்டு வழிகள் இருப்பது சாமானிய விஷயம் அல்ல.

அன்று அங்கேயே மகன் முடிவு சொல்லிவிட்டான்: "வீட்டிலேயே செஞ்சுக்கிறோம் டாக்டர். வீட்ல பார்த்துப்பாங்க."

யார் பார்ப்பது? பெரியவருக்குக் கண் தெரியாது. மாமியார் காலமாகிவிட்டார். மருமகள் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பகுதியில் இருந்தாள். அந்த நேரத்தில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். தினம் நாலு தடவை என்றால் அவள் வேலை போயிற்று. வேலூருக்குப் போக சுமார் ஐம்பது கிலோமீட்டர். வாரம் மூன்று நாள் என்றால் மகனுடைய கூலி போயிற்று. வைத்தியத்தைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்து, யாருடைய சம்பளத்தை விடுவது என்பதையே அவன் தீர்மானித்தான். பையை மாற்ற அவனும் கற்றுக்கொள்ளலாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கும் தோன்றவில்லை.

தோன்றியது பெரியவருக்குத்தான். பஸ்ஸில் வரும்போது, "அந்தப் பொண்ணையும் ஒரு வார்த்தை கேக்கணும்" என்றார்.

கேட்டார். நம் வீடுகளில் மருமகளைக் கேட்பது பாதி சடங்கு. 'மாட்டேன்' என்று சொல்ல முடியாதவளிடம் சம்மதம் கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்று நினைத்தேன். அவள் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, "வேலையை விட முடியாது மாமா. பசங்க பீஸு அதுலதான் கட்றேன். நீங்க மிஷினுக்கே போங்க" என்று சொல்லிவிட்டாள்.

உறவினர்கள் அவளைப் பேசிய பேச்சு கொஞ்சம் அல்ல. ஒரு கிழவரின் உயிரைவிடச் சம்பளம் பெரிதா என்றார்கள். சியாட்டிலின் ஏழு பேரும் செய்தது அதுதான்: இந்த உயிர் பிழைக்கத் தகுந்ததா என்று எடை போட்டார்கள். இவள் எடை போட்டது மாமனாரின் உயிரை அல்ல. தன் கையில் இருப்பதில் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை மட்டுமே சொன்னாள். உடம்பு அவருடையது, கை அவளுடையது. யந்திரம் என்ற இன்னொரு வழி இல்லாமலிருந்து அவள் இப்படிச் சொல்லியிருந்தால்? அப்போது என் பேனா இவ்வளவு தைரியமாக ஓடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். இரண்டு தினங்கள் மகனும், ஞாயிற்றுக்கிழமை அவளும் துணைக்குப் போவதென்று ஏற்பாடாகியிருந்தது. பெரியவர் இடது கையை நீட்டி, இணைத்த குழாய் தோலுக்கடியில் துடிக்கும் இடத்தில் என் விரலை எடுத்து வைத்தார்.

"நல்லா பதமாயிருக்கு, பாருங்க" என்றார்.