கதிரும் கவணும்

புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மானாவாரிக் கம்பும் சோளமும் மணி பிடித்து முற்றும் மார்கழி, தை மாதங்களில், கடம்பூர், கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் காடுகளில் மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் சோளக்குருவிகள் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன. உடல் இளஞ்சிவப்பும் தலை, சிறகு, வால் ஆகியவை கருமையுமான இப்பறவை கதிரில் தொற்றி நின்று மணிகளை உருவித் தின்பது, ஊரோரத்து வீட்டுத் திண்ணையில் இருப்பவருக்குக் கண்கொள்ளாக் காட்சி. காட்டுக்காரருக்கோ விளைச்சலில் விழும் துண்டு. தான் கொடுக்காததைப் பறவை எடுத்துக்கொள்ளும்போது அதைப் பொறுத்துக்கொள்வதும் கொடையாகுமா என்பதே இங்கு எழும் கேள்வி.

உண்பதற்கு முன் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் இதற்கு விடையாகாது. தருமநூல்கள் இல்லறத்தானுக்கு விதிக்கும் ஐந்து வேள்விகளுள் ஒன்றான பூதயக்ஞத்தில், அதாவது பிற உயிர்களுக்கு உணவிடும் கடனில், அளவும் நேரமும் கொடுப்பவர் கையில் இருக்கின்றன. சோளக்குருவி வெட்டுக்கிளியையும் தின்பதால் அது உழவருக்கு நண்பன் என்பாரும் உண்டு, அது உண்மைதான், ஆனால் பயனைக் காட்டிப் பெறும் மன்னிப்பு அறத்தின் பாற்பட்டதன்று.

இவ்வட்டாரத்துக் கழுகுமலை இக்கேள்விக்கு இருவேறு விடைகளை வைத்திருக்கிறது. அம்மலைப் பாறையில் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்குவித்த சமணத்தின் திகம்பரத் துறவியர், வழியிலுள்ள சிற்றுயிரையும் மிதியாமல் விலக்குவதற்கென உதிர்ந்த மயிற்பீலியைக் கையில் ஏந்துபவர்கள். மலையடிவாரக் குடைவரையில் கோயில் கொண்ட முருகனோ மயிலேறும் கடவுள். ஆயினும் அவன் மணந்த வள்ளி, தினைப்புனத்துப் பரணில் ஏறி ஆலோலம் பாடிக் கவண் வீசிப் பறவைகளை ஓட்டியவள். பறவையைத் தொழுவதும் புனத்தைக் காப்பதும் ஒரே வழிபாட்டில் முரணின்றி அமைந்திருப்பது தற்செயல் எனத் தோன்றவில்லை.

சமணமும் இல்லறத்தானிடம் துறவியின் நோன்பை முழுமையாகக் கேட்பதில்லை. கொல்லும் எண்ணத்தோடு செய்வதாகிய சங்கல்ப இம்சையை அவன் அறவே விலக்க வேண்டும். உழவு முதலிய தொழிலிலும் தன்னுடைமையைக் காப்பதிலும் தவிர்க்க இயலாமல் நேரும் தீங்கை இயன்றவரை குறைத்தாற் போதும். ஆகவே தகரம் தட்டி ஓட்டும் காவற்காரர் அறம் தவறியவர் அல்லர். தம் இழப்பு ஏதுமின்றித் திண்ணையிலிருந்து களிப்பவர் அவரைவிட இரக்கமுடையவர் எனக் கொள்ளவும் முடியாது. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் மயிலுக்கென வரப்பில் நஞ்சு கலந்த தானியத்தைத் தூவும்போது, அது உணவிடலின் தோற்றத்தை இரவல் வாங்குகிறது. காவல் என்று பெயரிட்டாலும் அச்செயல் சங்கல்ப இம்சையே.