அசலும் வட்டியும்

செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியானால் தெரிந்திருக்கும். கொளவாய் ஏரி கண்ணில் படுவதற்குள் டென்ஷன் வந்து தோளில் உட்கார்ந்துவிடும்.

எங்கள் எதிர் வீட்டு டீச்சருக்கு ரயில் தொல்லை இல்லை. ரிட்டயராகி ஏழு வருஷம். ஆனாலும் பி.பி.! 'தினமும் நடங்க, மனசை லேசா வெச்சுக்குங்க' என்றாராம் டாக்டர். டீச்சர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். ஜெபமாலையோடு மாதா கோயில் வளாகத்தை மெதுவாகச் சுற்றுகிறார். பிறகு கால் மணி நேரம் கண்மூடி உட்கார்ந்து, மனசுக்குள் 'இயேசுவே' என்ற ஒரே சொல். பி.பி. இறங்கியது. கூடவே ஒரு சந்தேகம் ஏறியது.

''ஏன் தம்பி, இது நம்ம வழிதானா? அதோட, டென்ஷன் குறையுறதுக்காக ஜெபம் பண்றது சாமியை மாத்திரையாக்குற மாதிரி இல்லையா?''

முதல் கேள்வி சுலபம். 1950-களில் கோலாலம்பூரில் சுத்த சமாஜம் நடத்திய சுவாமி சத்தியானந்தாவிடம், ஜான் மெய்ன் என்ற கத்தோலிக்கர் தியானம் கற்கப் போனார். 'உங்கள் மதத்துச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார் சுவாமி. பிற்பாடு மெய்ன் துறவியானபோது, மடத்தில் அந்தத் தியானத்தை விடச் சொன்னார்கள். விட்டார். பல வருஷம் கழித்து, 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்துப் பாலைவனத் துறவிகளும் ஒரு சிறு ஜெபத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று ஜான் காசியன் எழுதியதைப் படித்தார். அட, இது நம் வீட்டுப் பரணிலேயே இருந்த பாத்திரம்! 1975-ல் லண்டனில் அவரே கற்றுத்தர ஆரம்பித்தார். உடம்பு மட்டும் புதுசா என்ன? சிலுவைப்பாதையின் 14 நிலைகளிலும் நடந்து, நின்று, முழங்காலிடுவதும் உடம்புதானே!

2001-ல் இத்தாலியின் பெர்னார்டி குழு 23 பேரைச் சோதித்தது. லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும் சரி, யோக மந்திரம் சொன்னாலும் சரி, மூச்சு நிமிடத்துக்கு ஆறு முறை என்று நிதானமானது. மூச்சுக்கு மதம் தெரியவில்லை!

இரண்டாவது கேள்விதான் கஷ்டம். 1989-ல் வத்திகான் வெளியிட்ட கடிதமும் இதைத்தான் தொட்டது. இப்படிப்பட்ட முறைகள் மன அமைதிக்கு உதவலாம். ஆனால், உடற்பயிற்சி தரும் இதத்தையே தூய ஆவியின் ஆறுதல் என்று எண்ணிவிடாதீர்கள் என்றது.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன்: ''நிம்மதி வட்டி, டீச்சர். வட்டி வாங்குறது பாவமில்லை. அசல் எங்க இருக்குன்னு மறந்துட்டாதான் தப்பு.''

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: ''பெரியவன்கூடப் பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. முன்னெல்லாம் அதை நினைச்சா தூக்கம் வராது. இப்ப நல்லாத் தூங்குறேன். அதான் பயமா இருக்கு.''

எனக்குச் சுருக்கென்றது. வலி போய்விட்டது, காயம் அப்படியே இருக்கிறது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனோடு மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று இயேசு சொன்னது டீச்சருக்குத் தெரியாதா என்ன?

நடங்கள். கண்மூடி உட்காருங்கள். எந்தச் சாமி பெயரானாலும் சரி, மூச்சு நிதானமாகட்டும். ஆனால், எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி: இந்த அமைதியை வைத்துக்கொண்டு யாரிடம் போகப் போகிறேன்?

இப்போதெல்லாம் டீச்சர் நடக்கப் போகும்போது ஜெபமாலையோடு செல்போனும் போகிறது. பேசிவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.