பலகையில் இல்லாத வரி

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்னைக்காரர்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை, 'உயிர் காலேஜ்'. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். கேலிப் பெயர்தான். ஆனால் அதற்குள் லேசில் பதில் சொல்லிவிட முடியாத ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு பொருளை அது கிடந்த இடத்திலிருந்து எடுத்து வந்து கண்ணாடிக்குள் வைத்தால், அது பிழைக்கிறதா, சாகிறதா?

1863ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி அது. இந்தியாவில் மனிதனின் வயதைப் பற்றிய கணக்கே அன்றிலிருந்து மாறியது. ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சேகரிப்பு பின்னாளில் எழும்பூருக்கு வந்தது. பல்லாவரத்திலேயே விட்டிருந்தால் அந்தக் கல் இந்நேரம் ஏதாவது ஒரு கட்டடத்தின் அஸ்திவாரத்தில் ஜல்லியாகக் கிடந்திருக்கும். எடுத்தது சரிதான். ஆனால் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய ரேடியோவும் ஓடாத கடிகாரமும் பேரம் பேசிக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கல் தங்கள் ஊருடையது என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? கல் பிழைத்தது. கல்லுக்கும் ஊருக்கும் இருந்த உறவு பிழைக்கவில்லை.

பல்லாவரம் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் கடற்கரையில், முட்டுக்காட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை போனால், இதே கேள்விக்கு வேறு வேறு பதில்கள் வரிசையாக நிற்கின்றன.

முட்டுக்காட்டு தக்ஷிணசித்ராவில் இடம்பெயர்ந்தவை முழு வீடுகள். டெபோரா தியாகராஜன் முயற்சியில், லாரி பேக்கரின் வடிவமைப்பில் உருவாகி 1996இல் திறக்கப்பட்ட இடம். செட்டிநாட்டு வணிகர் வீடு, கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளி சிரியன் கிறிஸ்தவர் வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு, தமிழக அக்ரஹாரத்து வீடு என்று தென்னாட்டு வீடுகள் பல, ஊரில் பிரிக்கப்பட்டு இங்கே மறுபடி எழுப்பப்பட்டிருக்கின்றன. கூட வந்த நண்பன் ஒருமுறை தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வீடு இல்லடா, வீட்டோட போட்டோ" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தெரு வரவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டை வரவில்லை. அடுப்பு இருக்கிறது, புகை இல்லை.

ஆனால் அவனுக்கு நான் சொன்ன பதில் இன்றும் எனக்குச் சரியாகவே படுகிறது. ஊரில் இருந்த காலத்தில் அந்த அக்ரஹாரத்து வீட்டுக்குள் நம்மில் எத்தனை பேர் நுழைந்திருக்க முடியும்? பலரைத் திண்ணையோடு நிறுத்தியிருப்பார்கள். இன்னும் பலரைத் தெருவுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். இன்று டிக்கெட் வாங்கிய யாரும் சமையல்கட்டு வரைக்கும் போய் நிற்கலாம். இடம்பெயர்ந்ததில் அந்த வீடு எதையோ இழந்தது உண்மை. எதிலிருந்தோ விடுபட்டதும் உண்மை. 'வீடு' என்ற சொல்லுக்கே விடுதலை என்றும் ஒரு பொருள் உண்டு. எனவே 'மண்ணோடு இருந்தால் உயிர், பெயர்த்தால் சாவு' என்ற எளிய சமன்பாடு இங்கே உதவாது.

சரி, பெயர்க்காமல் அப்படியே விட்டால்? மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் அதை 'சத்ராஸ்' ஆக்கினார்கள். அவர்களுடைய செங்கல் கோட்டை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1782 பிப்ரவரியில் இதற்கு எதிரே கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். கோட்டைக்குள் அழகாகச் செதுக்கிய டச்சுக் கல்லறைகள் உள்ளன. பெயர், வயது, இறந்த நாள் எல்லாம் கல்லில் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் இங்கே வந்தது துணிக்காக. சத்ராஸ் மஸ்லின் கடல் கடந்து விலைபோன சரக்கு. அந்தத் துணியை நெய்தவர்களின் பெயர் இந்தக் கோட்டைக்குள் எங்கும் இல்லை. தறி மரம், மக்கிவிடும். வீடு மண், கரைந்துவிடும். கல் வாங்க முடிந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். பொருளை அதன் இடத்திலேயே விட்டுவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இங்கே ஒருமுறை வந்து பார்க்கலாம். காலமும் ஒரு காப்பாளர்தான்; அதற்கும் பாரபட்சம் உண்டு. நெசவாளர் வீடு ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் மறுபடி வடக்கே முட்டுக்காட்டுக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது இடம் மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, சாளுவன்குப்பம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கரை மணலை அரித்துப் போனபோது ஒரு பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. அவற்றில் திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயில் பற்றிய குறிப்பு இருந்தது. அதை வைத்துத் தொல்லியல் துறை 2005இல் தோண்டியது. பல்லவர் காலக் கட்டுமானமும் அதற்கு அடியில் இன்னும் பழைய செங்கல் கோயிலும் வெளிப்பட்டன. அடியில் இருப்பது சங்க காலத்தது என்று அகழாய்வாளர்கள் கருதினார்கள். வாசலில் ஒரு கல்வேல். இதைப் பற்றிப் பேசும்போது 'சுனாமி தந்த பரிசு' என்ற சொற்றொடர் சுலபமாக வாயில் வந்துவிடும். நான் போயிருந்த அன்று பக்கத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "ஆமா, கோயில் கெடச்சுது. எங்க படகு கெடைக்கல" என்றார். கோபமெல்லாம் இல்லை. தகவல் சொல்வதுபோலச் சொன்னார்.

அருங்காட்சியகப் பலகைகள் பொதுவாக மூன்று விஷயங்களைச் சொல்கின்றன: இது என்ன, எங்கிருந்து வந்தது, எந்தக் காலம். ஒரு பொருள் நம் முன்னால் வந்து நிற்பதற்கு யார், எதை இழந்தார்கள் என்ற நான்காவது வரி அநேகமாக இருப்பதில்லை. பெயர்ப்பதா விடுவதா என்பதைவிட எனக்கு இந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. பெயர்ப்பதற்கும் விடுவதற்கும் தோண்டுவதற்கும் தனித்தனியே நியாயங்கள் உண்டு. விலை எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதுபோல நடந்துகொள்வதற்குத்தான் நியாயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு வருகிறவர்கள் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்ற வேண்டுமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், அருங்காட்சியகம் நீதிமன்றம் இல்லை. ஆனால் நான் கேட்பது ஒரே ஒரு வரி. குழந்தைகள் அதைத் தாங்குவார்கள். அவர்கள் எப்படியும் 'ஏன்' என்று கேட்கிறவர்கள்தான்.

எழுதினால் அந்த வரி எப்படி இருக்கும்? பல்லாவரத்துக்கு: 'இந்த ஊரில் கிடைத்த கல் எழும்பூரில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.' அக்ரஹாரத்து வீட்டுக்கு: 'இதன் பழைய வாசலில் பலர் நிறுத்தப்பட்டார்கள்.' சதுரங்கப்பட்டினத்துக்கு: 'இந்தக் கோட்டை துணிக்காகக் கட்டப்பட்டது; நெய்தவர்களுக்குக் கல்லறை இல்லை.' சாளுவன்குப்பத்துக்கு: 'இக்கோயிலைக் காட்டிய அலை, இதே கரையில் உயிர்களையும் படகுகளையும் கொண்டு போனது.'

இவற்றை எழுதப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. ஒரு பலகையின் அடியில் இரண்டு விரற்கடை இடம் போதும்.