யாருக்காக யார் பேசுவது?

ஒடுக்கப்பட்டோர் நடுவிலே பிறந்து, தன் திறமையால் உயர்ந்து, செல்வமும் புகழும் எய்திய ஒருவன், தான் விட்டுவந்த மக்களுக்காகப் பேசும் உரிமையை இழந்துவிடுகின்றானா? இக்கேள்வி பழையது. எழுத்தாளரை நோக்கியும், வழக்கறிஞரை நோக்கியும், தொழிற்சங்கத் தலைவரை நோக்கியும் இது பன்முறை வீசப்பட்டுள்ளது. உதைபந்தாட்ட வீரர் ஒருவரை முன்வைத்து இதனை ஆராயப் புகுகின்றோம். விளையாட்டைப்பற்றி எழுதுவது இலக்கிய ஏட்டுக்கு இழுக்கு என்று கருதும் நண்பர்களும் எம்மிடையே உளர். உழைக்கும் மக்கள் கோடிக்கணக்கில் கண்ணுங் கருத்துமாய்ப் பார்த்திருக்கும் ஒன்றை நாம் பாராமுகமாய் விட்டுவிடுவதில் எமக்கு எந்தப் பெருமையும் தோன்றவில்லை.

லிலியன் துராம் என்பவர் பிரான்ஸ் நாட்டின் தேசிய அணியில் 1994 முதல் 2008 வரை 142 போட்டிகளில் ஆடியவர். 2022 ஆம் ஆண்டுவரை அவ்வெண்ணிக்கையை அந்நாட்டு ஆடவர் எவரும் கடக்கவில்லை. அவர் பின்கள வீரர். பின்கள வீரரின் தொழில் விந்தையானது. கோல் அடித்தவன் பெயரை மைதானம் முழுவதும் கூவும். கோல் விழாமற் காத்தவனின் வேலை செவ்வனே நடைபெறுங்கால் எவர் கண்ணிலும் படுவதில்லை. பிழைத்தால் மாத்திரமே அவன் பெயர் அடிபடும். அந்த 142 போட்டிகளில் துராம் அடித்த கோல்கள் இரண்டே. இரண்டும் ஒரே நாளில், 1998 யூலை 8 ஆந் திகதி, உலகக் கிண்ண அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக அடிக்கப்பட்டவை. இடைவேளை முடிந்த கையோடு குரோஷியாவின் சூக்கர் முதற் கோலை அடித்தார். ஏனைய பின்கள வீரர் முன்னேறி நிற்க, துராம் பிந்தி நின்றமையாலேயே சூக்கர் 'ஒஃப்சைட்' ஆகாது தப்பினார். அடுத்த சில கணங்களில் எதிரணித் தலைவர் போபானிடமிருந்து பந்தைப் பறித்துச் சென்று துராமே அக்கோலை ஈடுசெய்தார். பின்னர் இடக்காலால் இன்னொன்றும் அடித்தார். நான்கு நாள் கழித்துப் பிரான்ஸ் பிரேசிலை 3-0 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அன்று பாரிஸ் வீதிகளில் திரண்ட மக்கள் கறுப்பர், வெள்ளையர், அராபியர் மூவரும் இணைந்த பிரான்ஸ் என்று முழங்கினர். அதற்கு இரண்டாண்டின் முன், 1996 இல், தேசிய முன்னணிக் கட்சித் தலைவர் லெ பென், பிற நாடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அதற்குப் பிரெஞ்சு அணி என்று பெயர் சூட்டுவது செயற்கையானது என்று இகழ்ந்திருந்தார். துராம் எந்த நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்? அவர் 1972 இல் கரிபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவிற் பிறந்தவர். கரும்புத் தோட்டங்களுக்காகப் பிரெஞ்சுக்காரர் ஆபிரிக்க மக்களை அடிமைகளாக இறக்கிய தீவு அது. அங்கே 1794 இல் ஒழிக்கப்பட்ட அடிமைமுறையை 1802 இல் நெப்போலியன் ஆட்சி மீண்டும் புகுத்தியது; 1848 இலேயே அது முற்றாக ஒழிந்தது. 1946 முதல் அத்தீவு சட்டப்படி பிரான்சின் ஒரு மாவட்டம். ஆகவே துராம் பிறப்பாலே பிரெஞ்சுக் குடிமகன். ஐந்து பிள்ளைகளைத் தனித்து நின்று வளர்த்த தாயார் பாரிசுப் பகுதியிற் துப்புரவு வேலை செய்தவர். ஒன்பது வயதிலே தாயாரிடம் வந்து சேர்ந்த சிறுவனை, வகுப்புத் தோழர், தொலைக்காட்சிச் சித்திரத்தில் வரும் மந்தபுத்தியுள்ள கறுப்புப் பசுவின் பெயரைச் சொல்லி அழைத்தனர். ஏன் என்று கேட்ட மகனுக்கு, உலகம் அப்படித்தான், அது மாறாது என்று தாயார் விடையளித்தாராம். அவ்விடை தமக்குப் போதவில்லை என்று துராம் பின்னாளிற் பலமுறை சொல்லியுள்ளார்.

1998 இன் மகிழ்ச்சி பொய்யென்று நாம் கூறவில்லை. ஆயின் அது நிபந்தனையோடு கூடிய அன்பு. வென்றவரை, 'இவர் எம்மவர்' என்று தழுவிக்கொள்ளும் சமூகம், அவருடன் ஒரே குடியிருப்பில் வளர்ந்து வேலையின்றி நிற்பவரை அவ்வாறு தழுவுவதில்லை. அதனினும் கொடியது வேறொன்றுண்டு. உயர்ந்த ஒருவரைக் காட்டி, 'இவரால் முடிந்ததே, உம்மால் ஏன் முடியவில்லை?' என்று மற்றவர்மீது பழியைச் சுமத்துவது. உயர்ந்தவர் வாய் திறவாதிருக்கும்வரை இவ்வாதத்துக்குச் சான்றுப் பொருளாகப் பயன்படுகிறார். வாய் திறந்தாலோ, 'நீர் அவர்களுள் ஒருவர் அல்லரே' என்கின்றனர்.

2001 ஒக்டோபர் 6 ஆந் திகதி பாரிசின் புறத்தே பிரான்சும் அல்ஜீரியாவும் மோதின. 1962 இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபின் இரு தேசிய அணிகளும் சந்தித்த முதற் போட்டி அது. பிரெஞ்சுத் தேசிய கீதம் இசைக்கப்பட்டபொழுது பார்வையாளர் பலர் சீழ்க்கையடித்தனர். பிரான்ஸ் 4-1 என முன்னணியில் இருக்க, 76 ஆவது நிமிடத்தில் இளைஞர்கள் மைதானத்துள் பாய்ந்தனர், போட்டி கைவிடப்பட்டது. ஓடிவந்தவருள் ஒருவனைத் துராம் பிடித்து நிறுத்திச் சினத்தோடு கடிந்துகொண்டார்.

இச்செயலை எவ்வாறு மதிப்பிடுவது? அவர் ஒழுங்கின் காவலராய் நின்று, ஒதுக்கப்பட்ட இளைஞனை அடக்கினார் என்று சொல்வோர் சொல்லலாம். அதில் ஓரளவு உண்மையுமுண்டு. அவ்விளைஞனின் சீழ்க்கைக்குப் பின்னால் எட்டாண்டு நிகழ்ந்த ஒரு போரின் நினைவும், புறநகர்க் குடியிருப்புகளின் வேலையின்மையும் இருந்தன. அவற்றைக் கடிந்துரையால் அகற்ற இயலாது. எனினும், எமக்கு அச்சினம் அந்நியரின் சினமாகத் தோன்றவில்லை. ஊரார் தூற்றக் காத்திருக்கையில் தம்பி தவறிழைத்தால் தமையனுக்கு வரும் சினத்தையே அது ஒத்தது. ஆறே திங்களில், 2002 ஏப்ரில் 21 ஆம் நாள், லெ பென் சனாதிபதித் தேர்தலின் இரண்டாஞ் சுற்றுக்குத் தெரிவானார்.

2005 இல் காட்சி மாறியது. உள்நாட்டு அமைச்சர் சார்க்கோசி, புறநகர்க் குடியிருப்பொன்றை நீர்பீச்சும் இயந்திரத்தாற் கழுவித் துடைப்பதாகக் கூறினார். பின்னர் அங்குள்ள இளைஞரைக் கயவர் என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். ஒக்டோபர் 27 ஆந் திகதி, கிளிஷி-சூ-புவா என்னும் இடத்தில், பொலிசாருக்கு அஞ்சி மின்நிலையமொன்றுள் ஒளித்த சிறுவர் இருவர் மின்சாரந் தாக்கி மாண்டனர். கலகம் நாடெங்கும் பரவியது. அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. அப்போது துராம், தாமும் புறநகரில் வளர்ந்தவர் என்றும், அமைச்சரின் சொல் தம்மையுஞ் சுட்டுவதாகவே கொள்வதாகவும், பாதுகாப்பைப்பற்றிப் பேசுமுன் சமூக நீதியைப்பற்றிப் பேசுதல் வேண்டும் என்றும் வெளிப்படையாகக் கூறினார். துராம் புறநகரில் வாழ்ந்து நெடுங்காலமாயிற்று என்பதே அமைச்சரின் மறுமொழி.

இம்மறுமொழியை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. துராம் அப்பொழுது இத்தாலியில் யுவென்டஸ் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். அது ஃபியட் மோட்டார் முதலாளிகளான அஞ்ஞெல்லி குடும்பத்தின் உடைமை. அதற்கு முன், 1996 முதல் 2001 வரை ஆடிய பார்மா கழகம், பார்மலாட் என்னும் பாற்பொருள் நிறுவனத்தின் கையிலிருந்தது. அந்நிறுவனம் 2003 இல் பெருமோசடி அம்பலமாகி வீழ்ந்தபொழுது, சிறுகச் சிறுகச் சேமித்தோர் பல்லாயிரவர் தம் பணத்தை இழந்தனர். புறநகருக்காகப் பேசிய வாய்க்குச் சோறிட்ட கைகள் இத்தகையன. அவர் அதனை அறிந்து செய்தார் என்பதன்று எமது கருத்து. முதலாளித்துவ அமைப்பிலே தூய இடம் ஒன்றில் நின்று பேசுபவர் எவருமிலர் என்பதே. நாமுந்தான் அரசாங்கச் சம்பளத்திற் சீவிப்பவர்கள்.

ஆனால் அமைச்சரின் வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்று பார்ப்போம். வறியவன் பேசினால் அவனைக் கயவன் என்பர். உயர்ந்தவன் பேசினால் அவன் வறியவனல்லன் என்பர். அப்படியாயின் வறுமையைப்பற்றி எவர்தாம் பேசுவது? எஞ்சுபவர் அமைச்சர் ஒருவரே. அவரும் புறநகரில் வாழ்பவரல்லர். மேலும், ஆறு கோடி மக்களின் சார்பில் ஆட ஒருவரை அனுப்பும் நாடு, அவர் வங்கிக் கணக்கைப் பார்த்து அனுப்புவதில்லை. காலினாற் சகலரையும் பிரதிநிதித்துவஞ் செய்யத் தக்கவர், நாவினால் தம் பழைய அயலவரைத் தானும் பிரதிநிதித்துவஞ் செய்யத் தகார் என்பது என்ன நியாயம்?

பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டிலும், பேச்சினால் எவருக்கு ஆதாயம், அதற்காக அவர் எதனைக் கொடுக்கச் சித்தமாயிருக்கிறார் என்பவையே நாம் கேட்கவேண்டியவை. 2006 செப்டெம்பரில், கஷான் நகரிற் கைவிடப்பட்ட கட்டடமொன்றிலிருந்து வெளியேற்றப்பட்ட வறிய குடும்பத்தாரை, துராமும் சக வீரர் வியெய்ராவும் பிரான்ஸ்-இத்தாலிப் போட்டிக்கு விருந்தினராக அழைத்தனர். நுழைவுச்சீட்டு வீடாகாதுதான். ஆயினும், காணாமற் போகும்படி அரசு விரும்பிய மக்களை அவர்கள் நாடறிய அமர்த்தினார்கள். 2008 இல், சகோதரர் ஒருவரின் உயிரைக் குடித்த இருதயக் கோளாறு தம்மிடமும் இருப்பது தெரியவந்து, துராம் ஆட்டத்தை நிறுத்தினார். அவ்வாண்டே இனவாதத்துக்கு எதிரான கல்விக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கிப் பாடசாலை பாடசாலையாகச் செல்லலானார். இனவாதம் பிறவிக்குணமன்று, கற்பிக்கப்படுவது என்பது அவர் கொள்கை. ஆசிரியராகிய எமக்கு இது உவப்பானதே. ஆயினும் பாடநூலைத் திருத்தினால் வாடகையும் வேலையுந் திருந்திவிடா. 2019 இல் இத்தாலியப் பத்திரிகையொன்றுக்கு, வெள்ளையர் தம்மை மேலானவராகக் கருதுகின்றனர் என்னும் பொருள்பட அவர் கூறியது பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று. வரலாற்றாற் படைக்கப்பட்ட ஆதிக்கத்தை நிறத்தின் இயல்பாக்கும் தளர்ந்த வாக்கியம் அது என்றே நாமும் கருதுகிறோம். மறு ஆண்டில் வெளியான தம் நூலில், வெண்மை என்பது ஒரு சிந்தனை முறை என விரித்தெழுதினார்.

அவருடைய மூத்த மகன் 1997 இல் பார்மாவிற் பிறந்தவர்; கறுப்பின விடுதலைத் தலைவர் மார்க்கஸ் கார்வியின் நினைவாக மார்க்கஸ் எனப் பெயரிடப்பட்டவர். 2024 யூனில் பிரான்சின் தேசிய அணியோடு ஜேர்மனி சென்றிருந்த அவர், லெ பென்னின் கட்சி புதுப்பெயரில் வெற்றியை நெருங்கிய வேளையில், அதனைத் தடுக்க நாள்தோறும் போராடவேண்டும் என்று செய்தியாளர் முன் கூறினார். கைக்கும் வாய்க்கும் எட்டாது வாழும் மக்களுக்குக் கோடீசுவர ஆட்டக்காரர் புத்தி சொல்லலாகாது என்று அக்கட்சியின் தலைவர் பார்டெல்லா மறுமொழி பகர்ந்தார். பத்தொன்பது ஆண்டுகட்கு முன் தந்தைக்குக் கிடைத்த அதே மறுமொழி. யூலை 7 ஆந் திகதி நடந்த இரண்டாஞ் சுற்றில் அக்கட்சி ஆசனங்களில் மூன்றாம் இடத்தையே பெற்றது. வாக்குகளிலோ வேறெந்த அணியும் அதனை விஞ்சவில்லை.